கால் எட்டாத நாற்காலி

ரங்கூனின் தாமுவே பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில், ஜன்னலோரத் தையல் இயந்திரத்துக்கு அடியில் ஒரு தேக்கு மணை கிடக்கிறது. ஒரு காலத்தில் சாப்பாட்டுக்கு உட்காரப் போட்ட மணை. பச்சை வண்ணம் அடித்து, அந்த வண்ணமும் உரிந்து, உரிந்த இடமெல்லாம் கால் பட்டுப் பட்டு எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். அடியில் இரண்டு கட்டைகள். ஒன்று பலகையோடு பிறந்த தேக்கு. மற்றது பிற்காலத்தில் வந்து சேர்ந்த, வெளிறிய, உறவுமுறை சொல்ல முடியாத ஏதோ ஒரு மரம். மின்சாரம் போன நேரங்களில் என் கால் சுண்டுவிரல் அதைத் தவறாமல் தேடிக் கண்டுபிடித்துவிடும். "இதைப் பரண்ல தூக்கிப் போட்டா என்ன?" என்று ஒரு தடவை கேட்டேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டே திரும்பிப் பார்த்தாள். "அது கோர்ட்டுல உக்காந்த மணை" என்றாள். நானும் கோர்ட்டில் வேலை பார்த்தவன்தானே என்றேன். "பார்த்தீங்க. நீதிபதிங்க உள்ள வரும்போதெல்லாம் எழுந்திரிச்சு நின்னீங்க. அது நிக்கலையே."

வாதத்தில் நான் தோற்பது இந்த வீட்டில் செய்தியல்ல. ஆனால் அவள் சொன்னது உண்மை. ரங்கூன் முழுவதும் தேநீர்க் கடைகளில் வேறு பேச்சே இல்லாமல் செய்த ஒரு வழக்கில், முதல் நாளிலிருந்து தீர்ப்பு நாள்வரை, அந்த மணை நீதிபதிகளின் மேடைமேல் இருந்தது. அதன்மேல் இருந்தவை என் மாமியாரின் பாதங்கள். மாமியாரைப் பற்றிப் பெருமையாக எழுத உட்காரும் மருமகன் எந்த ஊரிலும் சந்தேகத்துக்குரிய பிராணிதான். பிரித்துக்கொள்ளச் சொத்து எதுவும் இல்லை, அவருக்கு என்னிடமிருந்து ஆகவேண்டிய காரியமும் இல்லை என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

அந்தக் கால ஏற்பாட்டை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் கதை விடுகிறேன் என்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் பெரிய வழக்குகளுக்கு ஜூரி என்று கோட்டுப் போட்ட கனவான்களை உட்கார வைப்பார்களாம். அது போய், பின்னால் சட்டம் படித்த நீதிபதிகளும் போய், நான் வேலைக்குச் சேர்ந்த சோசலிசக் காலத்தில் சாதாரண ஜனங்களே நீதிபதிகள். நகரிய மன்றத்துக்குத் தேர்வானவர்களில் மூன்று பேர் மேடையில் உட்காருவார்கள். கருப்பு அங்கி கிடையாது, லுங்கிதான். பக்கத்தில் சட்டம் படித்த அதிகாரி ஒருவர் ஆலோசனை சொல்ல இருப்பார். கேட்பதும் விடுவதும் மூவர் பாடு. கீழே, மேசை ஓரத்தில், நடப்பதையெல்லாம் பர்மிய மொழியில் எழுதிக்கொள்ள ஓர் இளநிலை எழுத்தர். கையெழுத்து அழகாக இருந்ததைத் தவிர வேறு தகுதி ஏதும் இல்லாதவன். அது நான்.

என் மாமியார், அதாவது பின்னாளில் என் மாமியார் ஆகப்போகும் அந்த அம்மாள், அங்கே வந்து சேர்ந்தது கூட்டுறவுக் கடை வழியாக. அப்போதெல்லாம் எண்ணெய், சோப்பு, துணி எல்லாவற்றுக்கும் வரிசை. அந்த அம்மாளுக்கு அந்தக் கடையில் எந்தப் பதவியும் இல்லை. ஆனால் வரிசையில் அவர் நிற்கிறார் என்றால் யாரும் இடையில் புகமுடியாது. காவல்காரரின் மனைவி ஒருநாள் புகப் பார்த்தாராம். "தங்கச்சி, உனக்கு முன்னாடி நின்னவங்களுக்கும் வீட்டுல அடுப்பு இருக்கு" என்று சொல்லி, அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து, சிரித்த முகத்தோடு, வரிசையின் கடைசிக்கே நடத்திக்கொண்டு போய் விட்டாராம். அந்த வருடம் மன்றத்துக்கு ஆள் தேடியபோது, பர்மியர், சீனர், தமிழர் எல்லோரும் ஒரே வாயாக அவர் பெயரைச் சொன்னார்கள். நெற்றியில் குங்குமமும் கன்னத்தில் பர்மியப் பெண்கள் பூசும் தனகாவும் வைத்துக்கொண்டு அவர் முதல் நாள் நீதிமன்றத்துக்குள் வந்தபோது, யாரையோ பார்க்க வந்தவர் என்று நினைத்து வெளி பெஞ்சைக் காட்டிய புத்திசாலியும் நான்தான்.

மேடை நாற்காலிகள் வெள்ளைக்காரர்களின் அளவுக்குச் செய்தவை. அந்த அம்மாள் ஏறி உட்கார்ந்தால் கால்கள் தரையைத் தொடாமல் பள்ளிக்கூடப் பிள்ளைபோல் தொங்கும். முதல் நாளே பின்பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மறுநாள் அவர் இந்த மணையைப் பிரம்புக் கூடையில் வைத்து, பேருந்தில் தூக்கிக்கொண்டு வந்தார். பூசைக்கும் பந்திக்கும் போடும் மணையில் காலை வைக்கலாமா என்று அவருடைய நாத்தனார் வீட்டில் பெரிய ரகளை செய்தாராம். "கால் அந்தரத்துல ஆடினா யோசனையும் ஆடுது. நீ வந்து அங்க உக்காரு, நான் வீட்டுல உக்காந்து சாமி கும்பிடறேன்" என்றாராம் இவர். கூடையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு தன் அலுவலகத்துக்குப் போகும் வழியில் கூடவே மகளும் வருவாள். படிக்கட்டில் அந்தக் கூடையை வாங்கி மேலே கொண்டுபோய் வைப்பதை என் அரசாங்கக் கடமைகளில் ஒன்றாக நானே சேர்த்துக்கொண்டேன். தூக்கியது மணை, கிடைத்தது மனைவி. இதற்குமேல் அந்தக் கதைக்கு விவரம் தேவையில்லை.

இனி வழக்கு. அந்த நாளில் நாடே கொண்டாடிய சினிமா நடிகர் ஒருவர். பெயர் வேண்டாம், சுருட்டுக் கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் அவர் படம் தொங்கும் என்றால் போதும். ஆடி மாதம், முகம் தெரியாத மழை. ஒரு கல்யாண விருந்து முடிந்து மதியம் அவருடைய கார் தாமுவே பக்கம் திரும்பும்போது, எதிரே மிதித்து வந்த ஒரு சைக்காவை, நம் மூன்று சக்கர மிதிவண்டியை, அடித்துத் தூக்கியெறிந்தது. மிதித்தவர் ஆற்றுக்கு அக்கரை டாலாக்காரர், அங்கேயே இறந்துபோனார். காரில் இரண்டே பேர்: நடிகரும், அவருடைய ஓட்டுநரும். ஓட்டுநர் எங்கள் தமிழ்ப் பையன், தாமுவேயில் வளர்ந்தவன், விதவைத் தாய்க்கு ஒரே பிள்ளை. நான்தான் ஓட்டினேன் என்று அவன் அன்றைக்கே வாக்குமூலம் கொடுத்துவிட்டான். மழைக்கு எல்லோரும் கூரைக்கடியில் ஒதுங்கியிருந்ததால், ஓட்டியவர் முகத்தைப் பார்த்தோம் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

ஒரே ஒரு உறுத்தல் இருந்தது. கார் கதவைத் திறந்த காவலர், உள்ளே சாராய வாடை அடித்தது என்று அன்று மாலையே சொல்லியிருந்தார். அதை எங்காவது வைத்தாக வேண்டுமே? வாடைக்கு ஒரு வாய் வேண்டும். அதனால் வாக்குமூலத்தில் இன்னொரு வரியும் இருந்தது: விருந்து நடந்த இடத்தின் பின்னால் மற்ற ஓட்டுநர்களோடு உட்கார்ந்து பன்றிக்கறியும் சாராயமும் எடுத்துக்கொண்டேன், அந்தப் போதையில்தான் ஓட்டினேன். எல்லாம் கச்சிதம். குற்றவாளியே ஒத்துக்கொண்ட வழக்கில் நீதிபதிகளுக்கு என்ன வேலை? தேநீர் வருவதற்குள் முடித்துவிடலாம். நீதிமன்றத்துக்கு வெளியே நடிகரை ஒருமுறை பார்த்துவிடக் கூட்டம் நெரிந்தது. பெண்கள் அவர் காலடியில் எறிய மல்லிகைச் சரம் கொண்டுவந்தார்கள். உள்ளே, முதல் வரிசையில், இறந்தவரின் மனைவி மட்டும் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார். டாலாவிலிருந்து படகேறி ஒவ்வொரு விசாரணைக்கும் வந்தார். அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை, கடைசி நாள்வரை.

மேடையில் நடுவே தலைவராக இருந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். எல்லோருக்கும் அவர் சயாஜி. பெரிய வாத்தியார் என்று அர்த்தம். கண்ணாடியைத் துடைக்காமல் ஒரு முடிவும் எடுக்கமாட்டார். இடப்பக்கம் ரயில்வே பட்டறைக்காரர் ஒருவர். நல்ல மனிதர், மாலையானால் கொஞ்சம் போட்டுக்கொள்வார், அதை மறைக்கவும் மாட்டார். வலப்பக்கம் மணையோடு எங்கள் அம்மாள். மூன்றாவது விசாரணையோ நான்காவதோ. சயாஜி ஓட்டுநரைப் பார்த்து, வாக்குமூலம் சரிதானா என்று கடைசியாகக் கேட்டார். அவன் கைகூப்பி, சரி என்றான். கூப்பிய கை உயர்ந்தபோது சட்டைக்கை சரிந்தது. மணிக்கட்டில் ஒரு கயிறு. ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்திருக்கும். அப்போது அழுக்கேறிக் கறுத்து, சதையோடு ஒட்டிக் கிடந்தது.

மேடையிலிருந்து ஒரு குரல் தமிழில் வந்தது. அந்த நீதிமன்றத்தில் அதற்கு முன்னால் தமிழ் ஒலித்திருந்தால், அது பின்பக்கத்தில் குழந்தையை அதட்டும் குரலாகத்தான் இருந்திருக்கும்.

"தம்பி, கையில என்ன அது?"

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "காப்பு, அம்மா."

"எந்தக் கோயில்ல கட்டினே?"

"நம்ம அம்மன் கோயில்லதான். தீமிதிக்கு."

சயாஜி மெதுவாக இருமினார். நீதிமன்ற மொழியில் பேசும்படி நினைவூட்டினார். அந்த அம்மாள் தலையசைத்து, பர்மிய மொழிக்கு மாறி, சபைக்கு விளக்கினார்: எங்கள் ஆட்கள் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு நெருப்பில் நடப்பார்கள். அதற்கு முன்னால் பூசாரி கையில் ஒரு மஞ்சள் கயிறு கட்டுவார். கட்டிய நாளிலிருந்து கறி இல்லை, குடி இல்லை, பாயில்கூடப் படுப்பதில்லை. நெருப்பு மிதித்து முடிந்தபிறகு பூசாரியேதான் அவிழ்க்க வேண்டும். இவனைத் தீமிதிக்கு முன்னாலேயே பிடித்துக்கொண்டு வந்துவிட்டதால் கயிறு கையிலேயே நின்றுபோயிருக்கிறது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "இது எனக்குத் தெரிஞ்ச வழக்கம், அவ்வளவுதான். சாட்சி இல்லை. கயிறு கட்டினவன் எல்லாம் யோக்கியன்னு நான் சொல்லலை. அதனால அவன்கிட்டயே கேக்கறேன்" என்றார். என் பேனா பறந்துகொண்டிருந்தது. அவர் அவனிடம் திரும்பினார். இந்தத் தடவை பர்மிய மொழியில் ஒருமுறை கேட்டார். அதே கேள்வியைத் தமிழிலும் கேட்டார், பின்பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படியாக.

"இந்தக் காப்போட அன்னைக்கு நீ கறி தின்னியா? குடிச்சியா? ஆமான்னா ஆமான்னு சொல்லு. எழுதிக்கட்டும்."

அன்றைக்குப் பின்பக்கத்தில் தாமுவே தமிழர்கள் பாதிப்பேர் இருந்தார்கள். கோயில் பூசாரி இருந்தார். அவனுடைய தாய் இருந்தார். கொன்றாயா என்று கேட்டபோது சட்டென்று ஆமாம் சொன்ன பையன், இதற்கு வாயைத் திறக்கவில்லை. அப்போது தாயின் குரல் வெடித்தது. "பாவிப் பயலே, சொல்லித் தொலையேன்டா! அம்மா கேக்கறாங்கல்ல!" காவலர் அவரை அடக்க ஓடினார். பையன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

"வண்டிய நான்தான் ஓட்டினேன்னு சொல்லிக்கிறேன், அம்மா. அவரை நான்தான் இடிச்சேன்னு சொல்லிக்கிறேன். எத்தனை வருஷம் வேணும்னாலும் போடுங்க. காப்போட குடிச்சேன்னு மட்டும் சொல்லச் சொல்லாதீங்க."

ஒரு மனிதன் கொலைப்பழியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, சாராயப் பழியை மட்டும் கீழே வைத்ததை நான் அன்றுதான் பார்த்தேன். நடிகருக்காக அந்த வாக்குமூலத்தை எழுதிக்கொடுத்தவர்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள். கையில் இருந்த கயிறு என்னவென்று மட்டும் கேட்கவில்லை. அவர்களுக்கு அது ஏதோ ஒரு கயிறு. பையனும் வாக்குமூலத்தில் அந்த வரியை யாரும் தன் முன்னால் சத்தமாகப் படிக்கமாட்டார்கள் என்று நம்பியிருக்கிறான். தாமுவேயின் முன்னால், பூசாரியின் முன்னால், பெற்றவளின் முன்னால் அதைத் தன் வாயால் சொல்ல வேண்டியிருக்கும் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

மூவரும் உள் அறைக்குப் போனார்கள். எழுதியதைப் படித்துக்காட்ட என்னையும் கூப்பிட்டார்கள். சட்ட அதிகாரி வரவில்லை. அவருக்குத் திடீரென்று தலைவலி. சயாஜி கண்ணாடியைத் துடைத்தார். "குடி விஷயத்தை விட்டுவிடலாம். ஓட்டினதை ஒத்துக்கொள்கிறானே, அது போதாதா?" என்றார். அம்மாள் மணையைக் கொண்டுவரச் சொல்லவில்லை. இங்கே நாற்காலி தாழ்வு. "போதாது, சயாஜி. வாடையை என்ன பண்ணுவீங்க? காருக்குள்ள இருந்தது ரெண்டு பேர். ஒருத்தன் குடிக்கலைன்னா..." என்று அதோடு நிறுத்திக்கொண்டார். மீதியை அறையில் இருந்த எல்லோரும் தனித்தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டோம்.

ரயில்வேக்காரர்தான் முதலில் சாய்ந்தார். "நான் குடிக்கிறவன், அமா, எனக்குத் தெரியும்" என்றார். அமா என்றால் அக்கா. "குடிச்ச எவனும் குடிச்சேன்னு தானா எழுதிக் குடுக்க மாட்டான். என் பொண்டாட்டிகிட்ட நான் ஒருநாள்கூட ஒத்துக்கிட்டதில்லை. இவன் எழுதிக் குடுத்திருக்கான். அப்ப இவன் குடிக்கலை." சட்டப் புத்தகங்களில் இந்த நியாயம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்திருக்க வேண்டும்.

சயாஜி அசையவில்லை. மறுநாள் காலை அதே அறைக்கு ஒரு விருந்தாளி வந்தார். மேலிடத்திலிருந்து வருவதாகச் சொல்லிக்கொண்டார். நல்ல பட்டு லுங்கி. நடிகர் நடிக்கும் படம் பாதியில் நிற்கிறது, நாட்டுப்பற்றுப் படம், எத்தனையோ தொழிலாளிகளின் பிழைப்பு என்று பொதுவாகப் பேசிவிட்டு, அம்மாளிடம் தனியாகத் திரும்பினார். பேச்சு மிகவும் மென்மை. குடியுரிமை அட்டைகளைப் புதுச் சட்டப்படி மறுபடி பார்க்கப்போகிறார்கள் இல்லையா, உங்கள் மகள் அரசாங்க அலுவலகத்தில் இருக்கிறாள் இல்லையா, உங்கள் ஆட்களில் ஒருவருக்கு இந்த நாற்காலி கிடைத்ததே எவ்வளவு பெரிய விஷயம். அந்த நாளில் எங்களுக்கு அந்த அட்டைதான் எல்லாம். அரைக் குடிமகன் என்று அது நிறம் மாறினால் வேலை போகும், படிப்பு போகும், நாலு தலைமுறையாக இருந்த வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிடுவோம். நான் சுவரோடு சுவராக நின்று, எழுதவேண்டிய அவசியமில்லாத எதையோ எழுதிக்கொண்டிருந்தேன். மூலையில் கூடையோடு உட்கார்ந்திருந்த மகள் தாயின் முகத்தையே பார்த்தாள்.

அந்த அம்மாள் பயம் இல்லாததுபோல் நடிக்கவில்லை. தண்ணீர்க் குவளையை இரண்டு கையாலும் எடுத்தார். ஒரு மிடறு குடித்து, குவளையைக் கீழே வைத்தார்.

"அந்த நாற்காலி எனக்கு முதல் நாள்லேருந்தே எட்டலைங்க" என்றார். "போனா போகட்டும். ஆனா இப்ப வரிசையில அந்தப் பையன்தான் முன்னாடி நிக்கறான். அவன் விஷயத்தை முடிச்சுட்டுத்தான் உங்க நடிகர். இடையில புகுந்தா நான் விடமாட்டேன்."

வந்தவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பல மாதங்கள் கனவில் வந்தது. அவர் போனதும் அம்மாள் சயாஜியைப் பார்த்து, கோபமே இல்லாமல், ஒரு கேள்வி கேட்டார். "வாசோ மாசத்துலேருந்து நீங்க விரதச் சீலம் எடுத்துக்கிட்டு இருக்கீங்க, சயாஜி. மத்தியானத்துக்கு மேல சோறுகூடத் தொடறதில்லை. நாளைக்கு யாராவது ஒரு தாள்ல, அன்னைக்குச் சயாஜி குடிச்சிருந்தார்னு எழுதி, உங்க பழைய மாணவங்க எல்லாரும் இருக்கிற சபையில ஆமாவான்னு கேட்டா?"

சயாஜி கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "தம்பி, புதுத் தாள் எடு" என்றார்.

தீர்ப்பு நாளன்று கூட்டம் வீதிவரை நின்றது. சயாஜிதான் படித்தார். வாக்குமூலத்தின் ஒரு பகுதி நம்பத் தக்கதல்ல. ஒரு பகுதி பொய்யென்றால் அதை எழுத வைத்த காரணம் மறு பகுதியையும் எழுத வைத்திருக்கலாம். ஆகவே இதை வைத்து இந்த மனிதனைத் தண்டிக்க மூவருக்கும் மனம் ஒப்பவில்லை. காரில் இருந்த மற்ற நபரை விசாரிக்க வேண்டும் என்று இந்த மன்றம் கருதுகிறது. மூன்று கையெழுத்துகள். வெளியே மல்லிகைச் சரம் கொண்டுவந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். பையனின் தாய் தரையில் உட்கார்ந்துவிட்டார். முதல் வரிசையிலிருந்து டாலாக்காரப் பெண் எழுந்து, மேடைக்கு அருகே வந்து, அப்போதுதான் முதல்முறையாகப் பேசினார். "அப்ப என் புருஷனை இடிச்சது யாரு?"

அம்மாள் மணையிலிருந்து காலை எடுத்து, கீழே இறங்கி வந்தார். அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இவன் இல்லை, தங்கச்சி. இவனை உள்ள போட்டிருந்தா உனக்கு ஒரு பேர் கிடைச்சிருக்கும், ஆள் கிடைச்சிருக்கமாட்டான். யாரை விசாரிக்கணும்னு எழுதிட்டோம். எங்க கை எட்டறது அதுவரைக்கும்தான்." அந்தப் பெண் கேட்டார்: "எழுதிட்டீங்களா?" "எழுதிட்டோம்." அவர் தலையை அசைத்தார். கடைசிப் படகுக்குக் கிளம்பிப் போனார். திருப்தியோடு போனார் என்று நான் பொய் சொல்லமாட்டேன். ஏமாற்றப்படவில்லை என்ற நிமிர்வு ஒன்று அவர் நடையில் இருந்தது. அதை மட்டும் சொல்லமுடியும்.

அந்தத் தள்ளுமுள்ளில் மணையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு படியிறங்கிய வீரன் நான். கடைசிப் படியில் தடுக்கினேன். நான் தப்பித்தேன், மணையின் ஒரு கட்டை உடைந்தது. மறுநாளே ஓட்டுநர் பையன் சுத்தியலும் ஒரு துண்டு மரமுமாக வீட்டு வாசலில் வந்து நின்றானாம். முதல் காரியமாகக் கோயிலுக்குப் போய், அடுத்த வருடம் மிதிக்கிறேன் என்று நேர்ந்துகொண்டு, பூசாரி கையால் காப்பை அவிழ்த்துக்கொண்டு வந்திருக்கிறான். தன்னோடு வரச்சொல்லி அம்மாளை முன்னமே கூப்பிட்டிருக்கிறான், அவர் மறுத்துவிட்டார். "நான் வந்து நின்னா அம்மனே சாட்சி சொன்ன மாதிரி ஆயிடும்" என்றாராம். மணையையும் தொடவிடவில்லை. "என்கிட்ட தீர்ப்பு வாங்கினவன் என் வீட்டுல ஆணி அடிக்கக்கூடாது. போ." அதற்குப் பிறகு பல மாதங்கள், ஒரு பக்கம் சாய்ந்த அந்த மணைமேல் காலை வைத்துக்கொண்டே மற்ற வழக்குகளைக் கேட்டார்.

நடிகருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். காகிதம் மேலே போனது. மேலே போன காகிதங்கள் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். நானே பல காகிதங்களை மேலே அனுப்பியிருக்கிறேன். பிறகு ஊரே தெருவில் இறங்கிய அந்த வருடம் வந்தது. மக்கள் நீதிபதிகள் என்ற ஏற்பாடே போயிற்று. அங்கி போட்டவர்கள் திரும்பி வந்தார்கள். நடிகர் மட்டும் அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை. என் கற்பனையாகவும் இருக்கலாம். அம்மாளின் அட்டையை யாரும் தொடவில்லை. மறந்துவிட்டார்களா, துணியவில்லையா, தெரியாது. பதவி போன செய்தி வந்த அன்று அவர் என்னிடம்தான், அப்போது நான் மாப்பிள்ளை ஆகியிருந்தேன், சொல்லியனுப்பினார்: "அந்தப் பையனை வரச் சொல்லு. நாற்காலி போயிடுச்சு. இனிமே ஆணி அடிக்கலாம்." அவன் அன்றே வந்தான். அந்தத் துண்டு மரத்தை அத்தனை நாளும் பத்திரமாக வைத்திருந்தான். வெளிறிய கட்டையின் கதை அதுதான்.

மாமியாருக்கு இப்போது எண்பதுக்கு மேல். காது கொஞ்சம் மந்தம், தனக்கு வேண்டாததற்கு மட்டும். என் பேத்தி அவரிடம் பர்மிய மொழியிலேயே பேசுகிறாள், அவர் தமிழிலேயே பதில் சொல்கிறார். இருவருக்கும் ஒரு வருத்தமும் இல்லை. இந்த ஆடியில், காப்புக் கட்டுவதற்கு முந்தின மாலை, ஓட்டுநர் வந்தார். பையன் என்று எழுதிவிட்டேன். அவருக்கும் தலை வெளுத்துவிட்டது, வாடகைக் காரைக்கூட மகனிடம் கொடுத்துவிட்டார். அந்த வழக்குக்குப் பிறகு ஒரு வருடமும் அவர் தீமிதி தவறியதில்லை. வந்தவர் உட்காரவில்லை. முகம் சிவந்திருந்தது.

"அம்மா, கோயில் குழுக்காரங்க எனக்கு வயசாயிடுச்சாம். காப்புக் கட்டமாட்டோம்ங்கறாங்க. நேத்துப் பொறந்த பசங்க!"

மாமியார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் இருப்பதிலேயே தாழ்ந்த நாற்காலி. அப்போதுதான் கவனித்தேன்: அவர் கால்கள் தரையைத் தொடவில்லை. எப்போது இவ்வளவு சுருங்கிப்போனார் என்று எனக்குத் தெரியவில்லை. தினமும் பார்ப்பவனுக்கு அது தெரிவதில்லைபோலும். ஓட்டுநர் பார்த்துவிட்டார். பேச்சை நிறுத்தி, குனிந்து, தையல் இயந்திரத்துக்கு அடியிலிருந்து மணையை இழுத்து, லுங்கி முனையால் துடைத்து, அவர் காலடியில் வைத்தார். அவர் ஒரு பாதத்தை வைத்தார், பிறகு அடுத்ததை. முதுகு நிமிர்ந்தது. அந்த முகத்தை எனக்குத் தெரியும்.

"குழுக்காரங்களையும் கூட்டிட்டு வா" என்றார். "உன் பேச்சை மட்டும் கேட்டுட்டு நான் ஒண்ணும் சொல்லமுடியாது. ஒரு வேளை உனக்கு வயசாகியும் இருக்கலாம்."

பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, எழுதிக்கோ" என்றார். மாப்பிள்ளை என்று அல்ல, தம்பி என்று. சமையலறை வாசலில் நின்று என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபோதுதான், நான் எழுந்து நின்றுகொண்டிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது.